தொழிலாளர் முதலாளி பிணக்கும் அதனைத் தீர்க்கும் நெறியும்

கபிலவத்துவில் வாழ்ந்த சாக்கியருக்கும் அவர்தம் உறவினராகிய கோலியருக்கும் இடையே உரோகிணி என்னும் ஆறு ஓடிற்று. ஒரே அணையின் நீரை இருசாராரும் தத்தம் வயல்களுக்குப் பாய்ச்சி வந்தனர். ஒரு கோடையில் நீர் சுருங்கிற்று, பயிர் வாடிற்று. இரு பக்கத்து வயலாட்களும் கரையிற் கூடினர். இன்னும் ஒரு பாய்ச்சலில் தங்கள் பயிர் விளைந்துவிடும், ஆதலின் நீரைத் தமக்கே விடவேண்டும் என்று ஒருசாரார் கேட்டனர். அங்ஙனம் விட்டால் அறுவடைக்குப் பின் தாங்கள் கூடையேந்தி அவர்கள் வாயிலில் நிற்க நேரும் என்று மறுசாரார் மறுத்தனர். சொல் தடித்தது; கைகலப்பாயிற்று. சற்று நேரத்தில் நீரைப் பற்றிய பேச்சு மறைந்து, ஒருவர் பிறப்பை ஒருவர் இழித்துரைக்கும் பேச்சாயிற்று. ஆட்கள் அதிகாரிகளிடம் முறையிட்டனர். அதிகாரிகள் அரசகுலத்தாரிடம் கொண்டுசென்றனர். அங்கே போய்ச் சேர்ந்தது நீரின் வழக்கன்று, குலத்தின்மேல் வந்த வசையே. படைகள் இருகரையிலும் வந்து நின்றன.

அங்கு எழுந்தருளிய பகவன், எதன்பொருட்டு இச்சண்டை என்று வினவினார். அரசகுலத்தார் அறியோம் என்றனர்; படைத்தலைவர் அறிந்திருக்கக்கூடும் என்றனர். படைத்தலைவரும் அறியார். ஒவ்வொருவராகக் கீழே கேட்டுக்கொண்டு சென்று, கடைசியில் வயலாட்களைக் கேட்டபோதுதான் தண்ணீருக்காக என்னும் விடை கிடைத்தது. தண்ணீருக்கு விலை யாது, மனித உயிருக்கு விலை யாது என்பது அடுத்த வினா. அதன்பின் படைகள் கலைந்தன.

இவ்வரலாற்றைப் போரின் தீமையை விளக்கவே பெரும்பாலோர் எடுத்துரைப்பர். நூற்பாலையில் இருபத்திரண்டாண்டு உழைத்த எனக்கோ இஃது ஓர் ஆலைப் பிணக்கின் வரலாறாகவே தோன்றும். ஆயுதம் ஏந்தி வந்தவர்க்குக் காரணம் தெரியாது. காரணம் தெரிந்தவரை ஒருவரும் கேட்கவில்லை. கேளாதிருந்த அந்த இடைவெளியில் வழக்கு தன் இடத்தைவிட்டு வேறோரிடத்திற்குத் தாவிவிட்டது. நம் நாட்டுத் தொழிலகங்களிற் கெட்டுப்போன பிணக்குகள் பலவும் இவ்வாறே கெட்டன.

சென்னைப் பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை நோக்குங்கள். அவ்வாலைகளின் தொழிலாளரைக் கொண்டே 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா அதன் தலைவர். திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவர். தன் எதிரே அமர்ந்து பேசத்தக்க ஒரு தரப்பாகச் சங்கத்தை ஏற்க நிர்வாகம் இசையவில்லை. வாடியாவின் மேல் உயர்நீதிமன்றத்தில் வழக்கே தொடர்ந்தது. அவ்வழக்கின் விளைவாக எழுந்த கிளர்ச்சியே பின்னர் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலியது. ஆயின் அதற்குள் 1921 வந்துவிட்டது. அவ்வாண்டு மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குள் சென்றனர். ஏனையோர் வெளியே நின்றனர். உள்ளே சென்றவரைத் துரோகிகள் என்றனர். கடன் கொடுப்பாரும் அற்ற சேரிகளில், கூலி நின்ற மறுநாளே அடுப்பு அணைந்துவிடும் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஆலைக்குள் தோன்றிய வழக்கு புளியந்தோப்பிற் குடிசைகள் எரியும் கலகமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. முதலாளிக்கு எதிரே நிற்கவேண்டிய தொழிலாளர் ஒருவருக்கொருவர் எதிரே நின்றனர். முடிவில் வேலைநிறுத்தமும் தோற்றது. பலர்க்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. உரோகிணிக் கரையில் நீர் மறைந்து குலம் முன்வந்தது போலவே பெரம்பூரிலும் நிகழ்ந்தது. அங்கே இடையிற் புகுந்து, எதன்பொருட்டு என்று கேட்டு நிறுத்துவாரில்லை.

காரணத்தைக் கேளாமை வேறொரு வகையாகவும் கேடு செய்யும். சித்தூர், வடாற்காடு பகுதிகளிலிருந்து நம் முன்னோர் பலர் சென்று உழைத்த கோலார் தங்கவயலில், 1930-இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். கூலி போதாது என்பதன்று அப்போது எழுந்த வழக்கு. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிந்து பெயரைப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று கம்பெனி விதித்திருந்தது. குற்றவாளியிடம் வாங்குவதை உழைப்பாளியிடம் வாங்குவதா என்று அவர்கள் மனம் கொதித்தது. அணாக் கணக்கை மட்டும் பார்க்கும் நிர்வாகத்திற்கு இத்தகைய காரணம் ஏட்டில் தென்படாது, கேட்டாலன்றித் தெரியாது.

இனி, கேட்கும் முறை யாது என்று பார்ப்போம். பிக்கு சங்கத்திற்குள் எழும் வழக்குகளைத் தீர்ப்பதற்கு வினய நூல் ஏழு முறைகளை வகுத்துள்ளது. அவற்றுள் முதலாவது சம்முக வினயம்; அதாவது நேர்முகத்தில் தீர்ப்பது. ஆட்கள் நேரில் இருந்தால் மட்டும் போதாது. சங்கம் நேரில் இருக்கவேண்டும். உண்மை நேரில் இருக்கவேண்டும். விதி நேரில் இருக்கவேண்டும். வழக்குடைய இருதரத்தாரும் நேரில் இருக்கவேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் தீர்ப்பு நிற்காது. ஏழனுள் ஏனைய ஆறும் இம்முதல் முறையின்றிச் செல்லா. பெரும்பான்மையர் கருத்தைக் குச்சிகளைக் கொண்டு எண்ணும் முறையும் இவ்வேழில் ஒன்றாக உள்ளது. வாக்குப் பெட்டியை வெள்ளையன் கொண்டுவந்தான் என்று எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்க.

இந்நான்கையும் தொழிலகத்திற்குப் பொருத்திப் பாருங்கள். சங்கம் என்பது ஆலைத் தொழிலாளர் திரள். உண்மை என்பது வருகைப் பதிவேடும் ஊதியச் சீட்டும் உற்பத்திக் கணக்கும். விதி என்பது சட்டமும் முன்செய்த ஒப்பந்தமும். வழக்குடையார் என்போர் யார் என்னும் இடத்தில்தான் இக்காலத்துச் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

யான் வேலை செய்த ஆலையில் (அதன் பெயர் இங்கு வேண்டா) ஓராண்டு போனஸ் வழக்கு எழுந்தது. இரண்டு தலைவர்கள் வேற்றூர் விடுதி அறை ஒன்றில் நிர்வாகத்தாரோடு கையொப்பம் இட்டுத் திரும்பினர். மூன்றாம் ஷிப்டு முடிந்து வெளிவந்த நாங்கள் அறிவிப்புப் பலகையிற் பார்த்துத்தான் அதனை அறிந்தோம். தொகை குறைவென்றுகூடச் சொல்வதற்கில்லை. ஆயினும் ஒன்பதாம் நாள் ஸ்பின்னிங் பகுதியில் மறுபடியும் இயந்திரங்கள் நின்றன. எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரால் முடித்தார்கள் என்பதே அப்போது எல்லார் வாயிலும் இருந்த சொல்.

அண்மையில் நம் எல்லைக்கு அருகே இதற்குப் பெரிய சான்று ஒன்று கிடைத்தது. சத்தியவேட்டிற்குத் தெற்கே, திருப்பெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வெளியே அமர்ந்தனர். ஊதிய உயர்வு கேட்டனர். அதனினும் முதன்மையாகத் தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டனர். அக்டோபர் 7-ஆம் நாள், வேறொரு தொழிலாளர் குழுவோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அதில் இருந்தது. பிணக்குத் தீர்ந்தது என்றும் அறிவிக்கப்பட்டது. பந்தலில் இருந்தவர்களோ எழவில்லை. 5,000 ரூபாய் எளிய தொகையா? ஆயினும் வழக்குடையார் அமராத இடத்தில் எழுதப்பட்ட தாள் அவர்களை எழுப்பவில்லை. அமைச்சர்களும் தொழிலாளர் நலத்துறை அதிகாரிகளும் இடைநிற்க, போராடியவர்களின் சங்கத்தோடு பேசியபின்னரே, முப்பத்தேழாம் நாளாகிய அக்டோபர் 15-இல் போராட்டம் முடிந்தது. வேலைக்குத் திரும்புவோரைப் பழிவாங்குவதில்லை என்பதும் முடிவில் ஒன்று. சங்கம் 2025 ஜனவரியிற் பதிவாயிற்று. அடுத்த மாதமே சிலரைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்ததால் மீண்டும் உள்ளிருப்புப் போராட்டம் எழுந்தது என்பதையும் மறைத்தல் தகாது. அதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

நம் பகுதிக்கு வருவோம். நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்களில் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுதி. தமிழ் பேசும் குடும்பங்களும் அவற்றுட் பல. அங்கே தறியில் நிற்பவர்க்கு மீட்டர்க் கணக்கிற் கூலி. தறி உடைமையாளரைக் கூலி உயர்த்தும்படி கேட்டால், தாமும் கூலிக்கு நெய்து கொடுப்பவரே என்பார். நூலைக் கொடுத்துத் துணியை வாங்கிச் செல்லும் வியாபாரி கூட்டினால்தான் தாம் கூட்ட இயலும் என்பார். அதில் பொய் இல்லை. ஆதலின் இருவர் மட்டும் அமர்ந்து பேசும் பேச்சு அங்கே முற்றுப்பெறாது. நூல் கொடுப்பவரும் அதே பாயில் அமரவேண்டும். ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைகளிலும், திருமலை திருப்பதியின் துப்புரவு முதலிய பணிகளிலும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர் பலர். அவர்கள் குறையைச் சொன்னால், ஒப்பந்தக்காரர் மேலிடத்தைக் காட்டுவார்; மேலிடம் ஒப்பந்தக்காரரைக் காட்டும். சாக்கியர் படையில் ஒருவர் மற்றவரைக் காட்டினார் அல்லரோ, அதுவே இது. ஒப்பந்தக்காரர் ஊதியம் கொடாது போனால் வேலை வாங்கிய தலைமை நிறுவனமே கொடுக்கவேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே உள்ள விதி. இப்போதைய சட்டத்தொகுப்பிலும் அவ்விதி இருக்கிறது. மனு எழுதும்போது ஒப்பந்தக்காரர் பெயரோடு நிறுத்தாமல் தலைமை நிறுவனத்தின் பெயரையும் எழுதுங்கள். இல்லையேல் வழக்குடையாருள் ஒருவர் தொடக்கத்திலேயே நேரில் இல்லாமற் போவர்.

சட்டத்தின் படிகளையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நன்று. 1947-ஆம் ஆண்டுத் தொழிற்றகராறுச் சட்டமே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதனோடு வேறு சட்டங்களையும் சேர்த்து இயற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இருபது தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர்க்கும் குழு ஒன்று இருக்கவேண்டும். அதில் இருதரத்தாரும் சம எண்ணிக்கையினர், பத்துப்பேருக்கு மேற்படலாகாது. தலைமை ஓராண்டு நிர்வாகத்தார்க்கு, மறு ஆண்டு தொழிலாளர்க்கு. பெண்கள் வேலை செய்யும் அளவிற்குக் குறையாமற் குழுவிலும் பெண்கள் இருக்கவேண்டும். குறை நேர்ந்த ஓராண்டிற்குள் மனுச் செய்யலாம். முப்பது நாளிற் குழு முடிவு செய்யவேண்டும். அங்கே தீராதது சமரச அதிகாரியிடம் செல்லும். அங்கும் தீராதது தீர்ப்பாயத்திற்குச் செல்லும். வேலைநிறுத்தம் செய்வதானால் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதுவும் வேலைநிறுத்தமே என்கிறது இச்சட்டம். போராடும் உரிமையை இது பெரிதும் இறுக்குகிறது என்று தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டென்றே யானும் கருதுகிறேன். ஆயினும் குறைதீர்க்கும் குழுவைக் கேட்டு வாங்காதிருப்பதற்கு அது காரணமாகாது. இருபதின்மர்க்கு மேல் வேலை செய்யும் இடங்களில், உங்கள் குழுவில் உள்ளோர் யார் என்று வினவினால் விழிப்பவரையே யான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

வி. வி. கிரி அவர்களை இங்கே நினைக்கவேண்டும். சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1937-இல், இம்மாகாணத்தின் தொழில் அமைச்சராக இருந்தவர். பின்னர் இந்திய அரசின் தொழிலாளர் அமைச்சராகி, வங்கி ஊழியர்க்குக் கிடைத்த தீர்ப்பை அரசு மாற்றியதை ஏலாது 1954-இற் பதவி விலகியவர். 1969 முதல் 1974 வரை குடியரசுத் தலைவர். ஒவ்வொரு வழக்கையும் கட்டாயத் தீர்ப்பாயத்திற்கு அனுப்புவதைவிட இருதரத்தாரும் தாமே பேசி முடிப்பதே நிலைக்கும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு ஒரு குறையும் உண்டு. இருவரும் ஏறத்தாழ ஒத்த வலிமை உடையவராய் இருந்தாலன்றிப் பேச்சு பேச்சாக இராது. அகமதாபாத் ஆலைகளில் 1918-இல் நூற்றுக்கு 35 ஊதிய உயர்வு கேட்டுத் தொழிலாளர் நின்றபோது, ஆலையதிபர் அம்பாலால் சாராபாய் ஒருபுறம், அவர்தம் உடன்பிறந்தாள் அனசூயா பென் தொழிலாளர் புறம். காந்தியடிகளின் உண்ணாநோன்பிற்குப் பின் வழக்கு நடுவரிடம் சென்று 35-ஏ கிடைத்தது. எல்லா ஆலைக்கும் அத்தகைய தமக்கை வாய்ப்பதில்லை. ஆதலின் தனியாள் எதிரே நிற்க இயலாத இடத்தில் சங்கம் வேண்டும். அச்சங்கத்தில் மேல்சாதி கீழ்சாதி, உள்ளூரான் வெளியூரான் என்னும் பிளவு இராமலும் வேண்டும். 1921-இன் தழும்பு உள்ள நமக்கு இதனை மீண்டும் எடுத்துரைக்கவேண்டுவதில்லை.

மொழியைப் பற்றி ஒரு சொல். சித்தூர்ப் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்த ஊர்கள். ஒப்பந்தத் தாளோ தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வடநாட்டிலிருந்து வந்து ஸ்ரீசிட்டியில் வேலை செய்வோர்க்கு இவ்விரண்டுமே அரிது. படிக்க இயலாத தாளில் இட்ட கையொப்பத்தை நேர்முகம் என்று எப்படிச் சொல்வது? பிக்கு சங்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தால், முதலில் அறிவித்து, பிறகு மூன்றுமுறை எடுத்துரைத்து, ஏலாதவர் பேசுக என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். இசைந்தோர் வாளா இருப்பர். இப்பழக்கத்தை ஆலை வாயிற் கூட்டத்திற்குக் கொண்டுவருவதில் என்ன தடை? ஒப்பந்தத்திற் கையொப்பம் இடுமுன், அங்குள்ளோர் பேசும் ஒவ்வொரு மொழியிலும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அரைமணி நேரம் போகும்.

இனி, முன்னர்ச் சொல்வேன் என்ற செய்தி. ஏழு முறைகளுள் இறுதியானது புல்லால் மூடுதல். பிணக்கு நெடிது நீளும்போது இருசாராரும் தகாத சொற்களும் செயல்களும் புரிந்திருப்பர். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து விசாரித்தால் பழைய வழக்கைவிடப் புதிய வழக்குகள் பெரிதாகும். ஆதலின் ஒவ்வொரு தரப்பிலும் தக்கார் ஒருவர் எழுந்து, தம்மவர் செய்தவற்றை எல்லார் பேராலும் ஒப்புக்கொள்ள, அவையெல்லாம் சேற்றின்மேற் புல் பரப்பினாற்போல் மூடப்படும். வேலைக்குத் திரும்பிய பின்னர், முழக்கமிட்டவன் யார், முன்வரிசையில் நின்றவன் யார் என்று பட்டியல் எடுத்துக் குறிப்பாணை அனுப்பும் நிர்வாகம் புல்லை விலக்கிச் சேற்றை மிதிக்கிறது. உள்ளே வேலைசெய்த தொழிலாளியோடு ஆண்டுக்கணக்கிற் பேசாதிருக்கும் தொழிலாளரும் அதையே செய்கின்றனர். பழிவாங்கலில்லை என்னும் வாசகத்தைப் பொதுச்சொல்லாக விடாமல், எந்தெந்தக் குறிப்பாணைகள் திரும்பப் பெறப்படும், எந்த வழக்குகள் கைவிடப்படும் என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

ஆயின் வினய நூல் ஒரு விலக்கும் வைத்துள்ளது. பெருங்குற்றங்களைப் புல்லால் மூடலாகாது. இல்லறத்தார்க்கு இழைத்தவற்றையும் மூடலாகாது. இன்றைய தொழிலகத்திற்கு இது மிகவும் வேண்டுவது. ஒருவர் உயிருக்கோ உறுப்பிற்கோ ஊறு விளைத்ததை, பெண் தொழிலாளியிடம் மேற்பார்வையாளரோ உடன்வேலையாளரோ முறைகேடாய் நடந்துகொண்டதை, சமாதானத்தின் பேரால் மூடிவிடுவது தீர்வன்று.

முதலாளிமார் இப்பக்கங்களைப் படிப்பது அரிது; படித்தால், சிகாலனுக்குப் பகவன் கூறிய ஐந்தை மட்டும் நினைவூட்டுவேன். ஆற்றலுக்கு ஏற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயிற் பராமரிப்பு, அரிய பண்டம் கிடைத்தாற் பகிர்வு, உரிய காலத்தில் ஓய்வு. வேலையாளர்க்கும் அங்கே ஐந்து கடமை உண்டு. கொடாததை எடாமையும் வேலையைச் செம்மையாய்ச் செய்தலும் அவற்றுட் சேர்ந்தவை. திருப்பதியின் விடுதிகளிலும் உணவகங்களிலும் இவ்வைந்தும் மெய்யாகவே உயிர்நிலை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் பலர் உண்பதும் உறங்குவதும் முதலாளியின் இடத்திலேயே. வேலை போனால் அன்றிரவே கூரையும் போகும். அதனால்தான் அவர்கள் குறை சொல்வதில்லை. குறையில்லை என்பதால் அன்று. இருபதின்மர்க்குக் குறைந்த இத்தகைய இடங்களிற் குழு இராது. தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் நேரே மனுக் கொடுப்பதே வழி. தனியே செல்ல அஞ்சுவார்க்குச் சங்கத்தாரோ ஊர்ப் பெரியவரோ உடன்செல்லலாம்.

வேலையிழந்தவர்க்கும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டவர்க்கும் கடைசியாக நாட்கணக்கு ஒன்று. விசாரணை நிலுவையில் இருக்கையில் முதல் தொண்ணூறு நாள் பாதி ஊதியமும், தாமதம் தொழிலாளியால் நேராதபோது அதற்குமேல் முக்கால் ஊதியமும் பிழைப்பூதியமாகப் பெற உரிமை உண்டு. பணிநீக்கம் செய்யப்பட்டவர் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து நாற்பத்தைந்து நாள் கழிந்தும் தீராவிடில் நேரே தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆயின் நீக்கம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டு கடக்கலாகாது. பழைய சட்டத்தில் இது மூன்றாண்டாக இருந்தது. இந்த வேறுபாட்டை அறியாமல், நீக்க ஆணையைத் துணிப்பையிற் சுற்றி வைத்துக்கொண்டு மூன்றாமாண்டில் வருவோர்க்கு வழக்கறிஞர்தாம் யாது செய்வார்?